தாஹிர் காலால் தள்ளிவிட்ட பெட்டி

காலையில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது தாஹிரின் அக்கா ரஹ்மத் போன் செய்தார். "தம்பி, அவன் மவுத்தாயிட்டான்" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. நான் ஏதாவது சொல்வேன் என்று அக்கா காத்திருந்தார். மடை உடைந்து தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அதை அடைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. திருவிழா மேடையில் நடந்த கைகலப்பில் காயமடைந்த கிட்டார் கலைஞர் சிகிச்சை பலனின்றி இறந்தார் என்று. கைகலப்பு என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்க வேண்டும். அன்று அதே மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றிருந்தவன் நான். என் நண்பன் அடிபட்டதைப் பார்த்தேன். அவன் அடித்ததைப் பார்க்கவில்லை. இதை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்குக் கோவிந்தாபுரம் தாஹிரைத் தெரியும். அவன் கட்டிக்கொடுத்த பெடலை மேடையில் மிதித்து வாசிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அவனிடம் அடி வாங்கியவர்களும் இருக்கிறீர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. செத்தவனைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். தாஹிரைப் பற்றி அப்படி எழுதினால் அவனே எழுந்து வந்து அறைவான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அருகில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புக்கடை. பம்புசெட் சாமான், ஒயர், வாளி, ஆணி எல்லாம் கிடைக்கும். அவன் அத்தா காலமான பிறகு கடையை ரஹ்மத் அக்காதான் பார்த்துக்கொண்டார். தாஹிர் பின்பக்கத்து பெஞ்சில் சால்டரிங் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். கொல்லங்கோட்டில் எங்கள் கானமேளா மெல்லிசைக் குழுவுக்கு அவன்தான் கிட்டார். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், காலுக்கடியில் வைத்து மிதிக்கிற சின்னப் பெட்டிதான் பெடல். மிதித்தால் கிட்டாரின் குரல் மாறும். கடையில் விற்கிற பெடல்களை அவன் தொடமாட்டான். வீட்டுச் சுவருக்குள் பதிக்கிற தகர ஜங்ஷன் பாக்ஸை எடுத்து, துளை போட்டு, உள்ளே பாகங்களைப் பற்றவைத்து, தன் பெடல்களைத் தானே கட்டுவான். கனமான பெட்டிகள். மூலைகள் கத்தி மாதிரி இருக்கும்.

அவன் குழுவில் சேர்ந்த முதல் வருடம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் மேடையேறி, கையிலிருந்த கள்ளைத் தாஹிரின் பெடல்கள் மேல் ஊற்றிவிட்டுச் சிரித்தான். தாஹிர் கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை. ஒரே குத்து. கள் ஊற்றியவன் மேடையிலிருந்து மல்லாக்க விழுந்தான். விழுந்தவனின் ஆட்கள் நாற்காலிகளை வீசினார்கள். ஒரு நாற்காலிக் கால் தாஹிரின் புருவத்தைக் கிழித்தது. அவன் ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கள் சொட்டும் பெடலை மிதித்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தான். ஈரத்தில் பெடல் கரகரவென்று கத்தியது. கூட்டம் அடிதடியை மறந்து கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவனுக்குக் கெடுதல் செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த அடி எனக்கு. வேனில் வந்துகொண்டிருந்தபோது, கிட்டாரைக் கரகரவென்று கத்தவைக்கிற அவனுடைய ஃபஸ் பெடலின் சத்தம் ஓட்டை ஸ்பீக்கர் மாதிரி இருக்கிறது என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். எல்லோர் முன்னாலும் என் முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. மறுநாள் மதியம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு வந்து நின்றான். என் அம்மா வெளியே போனார்.

"ஏனுங் தம்பி, எம் பையன் மூஞ்சில கை வெச்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா."

"எதுக்குங்க?"

"எம் பெட்டிய ஓட்டை ஸ்பீக்கருன்னு சொல்லிப்போட்டானுங்க."

"அதுக்குங்களா? எனக்குச் சோறாக்கவே தெரியலீன்னு அவன் தெனமும்தான் சொல்றான். நான் கரண்டியத் தூக்குனனுங்களா?"

தாஹிர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அம்மா வழிவிட்டு நகர்ந்து நின்றார். "உள்ள வாங்க. சோறு உண்டுட்டுப் போலாம். நல்லாருக்குதா இல்லீங்களான்னு நீங்க சொல்லுங்க" என்றார். அவன் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். கொண்டுவந்த பெட்டி என் கீபோர்டுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து கட்டிய டிரெமலோ. உள்ளே ஒரு குட்டி விளக்கு மினுங்கும். அதற்கு எதிரில், வெளிச்சம் பட்டால் வழிவிடுகிற ஒரு பாகம் இருக்கும். விளக்கு அணைந்து எரிய, சத்தமும் அலையலையாக ஏறி இறங்கும். இரண்டையும் சேர்த்துக் கருப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தான். "வெளி வெளிச்சம் உள்ள போகக் கூடாது மாப்ளே. போனா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும்" என்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்தப் பெடலை முதலில் கட்டலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பூஸ்டர் கட்டு. ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அது ஒழுங்காக் கத்துச்சுன்னா அப்பறம் வா." அடுத்து ஓவர்டிரைவ். அதில் டயோடு என்ன செய்கிறது என்பதை அவன் விளக்கும்போது கண் மின்னும். "சத்தம் அலையா வருதல்ல? டயோடு அதோட தலைய வெட்டும். மேல ஒரு வெட்டு, கீழ ஒரு வெட்டு. வெட்டுப்பட்டதுதான் பாடும்." கல்யாண மண்டபங்களில் தூக்கிப்போட்ட பழைய மைக் ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து, அவற்றிலிருந்த எதிரொலிச் சிப்பை எடுத்து டிலே பெடல் கட்டுவான். ஆனால் அவன் உயிரை விட்டது ஃபஸ் பெடலுக்குத்தான். பழைய ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், கைப்பிடியளவு பாகங்கள், அவ்வளவுதான். மிதித்தால் கிட்டார் பாடாது. தொண்டை கிழிய அலறும்.

அந்த ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது. பாலக்காட்டில் திருவிழாக்கள் நடப்பதே கொதிக்கிற மாதங்களில். மாலையிலும் மேடைத் தகரம் சுடும். ஃபஸ் தும்மும், விக்கும், பிறகு செத்துப்போகும். தாஹிர் சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, பெடலைப் பாலித்தீன் பையில் சுற்றி அதற்குள் வைத்திருப்பான். அவன் முறை வரும்போது வெளியே எடுத்து மிதிப்பான். மீன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று குழுவில் எல்லோரும் கிண்டல் செய்வோம். மலைக்குப் போகும்போது மட்டும் ஐஸ் வேண்டாம். தேவிகுளத்தில் ஒருமுறை குளிரில் நடுங்கிக்கொண்டே அந்த ஃபஸ்ஸை அவன் மிதித்ததைக் கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு இரைச்சல் என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. "இதுக்குக் குளுருதான் மாப்ளே சொந்த ஊரு" என்றான். மலை நிகழ்ச்சி என்றால் சம்பளம்கூடக் கேட்காமல் வண்டியேறுவான்.

அப்படித்தான் கம்பம்மெட்டுக்கும் போனோம். பாலக்காட்டிலிருந்து அங்கே போக, பொள்ளாச்சி, பழநி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றி, மறுபடி மலையேறிக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் திருவிழா மேடை. எங்கள் பாடகி ஷைனி மேடை விளிம்பில் நின்று பாடிக்கொண்டிருந்தபோது ஒரு குடிகாரன் ஏறி அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் மண்டியிட்டு விழுந்தாள். மைக் அலறியது. பக்கப் படியில் இன்னும் இரண்டு மூன்று பேர் ஏறி ஓடி வந்தார்கள். தாஹிர் குனிந்து ஃபஸ் பெட்டியை ஒயரோடு பிடுங்கி எடுத்தான். முதலில் எதிர்ப்பட்ட முகத்தில் அதை வீசி அடித்தான். தகரத்தின் மூலை அந்த ஆளின் இடது கண்ணுக்குள் போனது.

அந்த ஆள் குடிகாரன் இல்லை. பெயர் பிஜு. ஜீப் டிரைவர். தினமும் விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்கிற பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிவருகிறவர். விழாக் கமிட்டியில் தொண்டர். சட்டையில் ரிப்பன் குத்தியிருந்தது. குடிகாரனைப் பிடித்துக் கீழே இழுப்பதற்காகத்தான் அவர் படியேறி ஓடி வந்தார். ஷைனியின் முடியை இழுத்தவன் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டான்.

அதன் பிறகு நடந்ததை உங்களில் சிலர் என்னோடு சேர்ந்து அனுபவித்தீர்கள். கழியும் கல்லும் வந்தன. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேன் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாஹிரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்வரை அடித்தார்கள். ஏறும்போது அவன் என்னைப் பார்த்து, "மாப்ளே, ரிப்பன் குத்தியிருந்தாருடா அவுரு. ரிப்பன்டா" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

கோர்ட்டில் தற்காப்புக்காக அடித்ததாகச் சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் தாஹிர், "நான்தானுங்க அடிச்சேன். ஆள் மாறிப்போச்சு. சரியான ஆளா இருந்திருந்தாலும் அப்புடி அடிச்சிருக்கக் கூடாதுங்க" என்றான். வக்கீல் ஃபைலைப் படாரென்று மூடினார். ஜெயிலில் நான் பார்க்கப் போனபோதெல்லாம் அவன் பெடல்களைப் பற்றிப் பேசவில்லை. என் தோள் கூடிவிட்டதா, கை முழுசாக மேலே போகிறதா என்றுதான் கேட்டான். தூக்கிக் காட்டச் சொல்வான். கம்பிக்கு வெளியே நின்று நான் கையைத் தூக்கிக் காட்டுவேன்.

வெளியே வந்த பிறகு முதலில் அவன் செய்த வேலை, கடையிலிருந்த ஜங்ஷன் பாக்ஸ்களை எல்லாம் பெஞ்சில் கொட்டி, ஒவ்வொன்றின் மூலையையும் அரத்தால் ராவியது. சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி ஆகும்வரை ராவினான். அதற்குப் பிறகு அவன் கையிலிருந்து வெளியே போன ஒரு பெட்டியிலும் கூர் கிடையாது. "ஏன் அண்ணா இப்படி வழவழன்னு இருக்கு?" என்று கேட்ட கோயம்புத்தூர்ப் பையன்களிடம், "கால் வழுக்காம வாசிச்சுப் பழகு" என்று சொல்லி அனுப்பினான். உங்களில் யாரிடமாவது அந்தப் பெட்டி இருந்தால் மூலையைத் தடவிப் பாருங்கள். அரத்தின் கோடுகள் இன்னும் தெரியும்.

அவன் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. கொல்லங்கோட்டில் ஒரு டீக்கடையில், வண்டி நிறுத்துகிற தகராறில் ஒரு லாரிக்காரன் அவன் கன்னத்தில் அறைந்தான். நான் எழுந்துவிட்டேன். தாஹிர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து பெஞ்சில் அழுத்தி உட்கார்ந்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. லாரிக்காரன் இன்னொரு அறை விட்டுவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்துத்தான் தாஹிர் கைகளை வெளியே எடுத்தான். "கை வரும் மாப்ளே. வராமயா இருக்கும்? அது மேல நாமதான் உக்காந்துக்கோணும்" என்றான்.

பிஜுவைப் பார்க்கப் போக வேண்டும் என்றான். நானும் கூடப் போனேன். முற்றத்தில் ஜீப் தார்ப்பாய் மூடி நின்றிருந்தது. தார்ப்பாயில் பாசி பிடித்திருந்தது. எங்களை அடையாளம் கண்டதும் பிஜுவின் மனைவி அடுப்பிலிருந்த கஞ்சித் தண்ணீரைக் கலத்தோடு எடுத்து வந்து வீசினார். தாஹிரின் முழங்கால் வெந்துபோனது. பிஜுவின் தம்பி சஜி வெட்டுக்கத்தியோடு பாய்ந்தான். பிஜு வாசலுக்கு வந்து, "சஜீ, உள்ள போடா" என்று கத்தினார். இடது கண் இருந்த இடம் சுருங்கி ஒட்டியிருந்தது.

"என்ன செய்யோணுமோ சொல்லுங்கண்ணே. செய்யறேன்" என்றான் தாஹிர்.

"எனக்குக் கண்ணு வேணும். கொண்டு வந்நியா?"

வெந்த காலோடு தாஹிர் முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"வந்நது கண்டாச்சு. போதும். இனி இந்த மலை ஏற வேண்டா" என்றார் பிஜு. நாங்கள் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் அவன் வெந்த காலை நீட்டிக்கொண்டே வந்தான்.

அதன் பிறகு நடந்ததை ரஹ்மத் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஒருநாள் கடைக்குப் போன் வந்திருக்கிறது. பிஜு. கண் வலிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன், சுவரைப் பார்த்துத் திட்டுவதைவிட உன்னையே கூப்பிட்டுத் திட்டலாமே என்று தோன்றியது என்று சொல்லிவிட்டு, காது கூசுகிற அளவுக்குத் திட்டியிருக்கிறார். தாஹிர் போனை பெஞ்சில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கடைசிவரை கேட்டான். மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் திட்டு. பல மாதங்கள் இப்படிப் போனது. "அந்தப் போன் வந்துட்டா அவன் ஆருக்கும் ஒரு ஆணிகூட எடுத்துக் குடுக்க மாட்டான் தம்பி. நான் இந்தப் பக்கம் காதைப் பொத்திக்குவேன்" என்றார் அக்கா. பிறகு திட்டுக்கு நடுவில் ஏலக்காய் விலை வந்தது. ஜீப்பின் பேட்டரி வந்தது. கடைசியில் திட்டை மறந்துவிட்டு, பிஜு தன் மகளின் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

இந்த வருடம் அதே திருவிழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். குழுவை நடத்தும் சந்திரேட்டன், கிட்டாருக்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். அன்று பிஜுவே தாஹிருக்குப் போன் செய்து, "நீ வா. கமிட்டியில் நான் சொல்லியிட்டுண்டு" என்றார். நான் தடுத்துப் பார்த்தேன். "அவுரு வரச் சொல்லிட்டாரு மாப்ளே. போகாம இருந்தா அதுதான் பயம்" என்றான். போகிற வழியில் வத்தலக்குண்டில் இறங்கி, பிஜுவின் மகளுக்கு ஒரு பொம்மை வாங்கினான். கிட்டார் பொம்மை. அதை அவனால் கொடுக்க முடியவில்லை.

மாலை. கூட்டம் இன்னும் கூடவில்லை. நாங்கள் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பிஜு மேடைக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். தாஹிர் ஃபஸ்ஸை மிதித்துப் பார்த்தான். அந்தக் குளிரில் அது முழுக்குரலில் அலறியது. அந்தச் சத்தத்தில்தான் சஜி பின்பக்கமாக ஏறியது எங்களுக்குத் தெரியவில்லை. கையில் ஜீப்பின் இரும்பு ஜாக்கி லீவர். கூட இரண்டு பேர். நான், "தாஹிர், பின்னாடி!" என்று கத்தினேன். அவன் திரும்பினான். பார்த்தான்.

அவன் கண்கள் கீழே போனதை நான் பார்த்தேன். பெட்டி அவன் காலடியில் இருந்தது. குனிந்தால் கைக்கு வந்துவிடும். அவன் கையின் வேகம் எனக்குத் தெரியும். சஜி அதற்குள் லீவரை ஓங்கி முடித்திருக்க மாட்டான். தாஹிர் வலது காலால் அந்தப் பெட்டியை ஓங்கித் தள்ளினான். ஒயர் பிடுங்கிக்கொண்டு, பெட்டி மேடையின் குறுக்கே தேய்த்துக்கொண்டு போய் டிரம்ஸின் அடியில் முட்டி நின்றது. அதற்குப் பிறகு அவன் கை எட்டுகிற தூரத்தில் எதுவும் இல்லை. முதல் அடி தலையின் பக்கவாட்டில் விழுந்தது. இரண்டாவது அடியில் கிட்டாரின் கழுத்து முறிந்தது. அவன் முழங்காலிட்டான். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்தை மறைக்கக்கூட அவை எழவில்லை. நான் ஓடினேன். ஒருவன் என் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்று தரையில் கிடந்தபடி மற்ற அடிகளை எண்ண முடியாமல் கேட்டேன்.

அப்போது பக்கப் படியில் ஒரு ஆள் ஏறி ஓடி வந்தார். பிஜு. தம்பியின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுழற்றினார். இருவரும் ஸ்பீக்கர் மேல் விழுந்தார்கள். சஜி, "உன் கண்ணுக்காகத்தான்டா!" என்று அலறினான். பிஜு அவன் கையிலிருந்து லீவரைப் பிடுங்கிச் சரிவுக்குள் வீசினார்.

அங்கிருந்து பிஜுவின் ஜீப்பில்தான் தாஹிரைக் கம்பத்துக்கு இறக்கினோம். அந்த இறக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அவன் கண் விழிக்கவில்லை. ரஹ்மத் அக்கா கடையைப் பூட்டிவிட்டு அவன் கட்டிலுக்கு அருகில் பாய் போட்டுக் கிடந்தார். அவன் போகிறவரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

கோவிந்தாபுரம் கபர்ஸ்தானில் அவனை அடக்கம் செய்த அன்று பிஜு வந்திருந்தார். மதில் சுவருக்கு வெளியே, புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒற்றையாக நின்றார். சொந்தக்காரர்கள் சிலர் அவரை நோக்கிப் போனார்கள். ஒருவர் கையில் செருப்பைக் கழற்றியிருந்தார். நான் நடுவில் போய் நின்று இவர்தான் தடுத்தவர் என்று சொல்வதற்குள் ஒரு அடி விழுந்துவிட்டது. பிஜு நகரவில்லை. பிறகு வீட்டு வாசலுக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். ரஹ்மத் அக்கா கதவருகே வந்தார்.

"உங்க தம்பி கையில இரும்பு இருந்துச்சு. எந் தம்பி கையில என்ன இருந்துச்சுங்க?"

"ஒண்ணுமில்ல சேச்சி."

"பேப்பர்ல கைகலப்புன்னு போட்டிருக்குது. இவன் பழைய கேஸ்காரன், இவன்தான் மொதல்ல பெட்டியத் தூக்கிட்டு வந்தான்னு உங்க ஆளுங்க சொல்றாங்களாமா. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

பிஜு நிமிர்ந்தார். "எழுதிக் கொடுத்தாச்சு சேச்சி. என் தம்பி கொன்னான்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அம்மா எனக்குச் சோறு போடறதில்லை. கோர்ட்டிலயும் சொல்லுவேன்."

அக்கா முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிஜு நின்றபடியே முழுவதையும் குடித்தார்.

வழக்கு நடக்கிறது. என் வாக்குமூலத்தையும் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஃபஸ் பெட்டி சான்றுப் பொருளாகப் போலீஸில் இருக்கிறது. அதை எனக்குத் தர முடியுமா என்று அக்கா கேட்டுப் பார்த்தார். வழக்கு முடியட்டும் என்றார்கள். கடையின் பின்பக்கத்தில் பாதி கட்டிய பெடல்கள் இருக்கின்றன. சொல்லிவைத்தவர்கள் வந்து அக்காவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது வேறு. அது அந்த ஜீப்பில் கிடைத்தது.

பிஜு கண் போன பிறகு கூலிக்கு ஜீப் ஓட்டியதில்லை. இறக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். இருட்டத் தொடங்கியிருந்தது. "உங்களால ஓட்ட முடியுங்களா?" என்று கேட்டேன். "ஒரு கண்ணு மதி, போதும். பேசாம அவனைப் பிடிச்சுக்கோ" என்றார். பின்சீட்டில் தாஹிரின் தலை என் மடியில் இருந்தது. என் வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியது. பிஜு ஓட்டிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார். தம்பியைக் கொல்லாமல் விடமாட்டேன், இன்றைக்கே வெட்டிப் போடுவேன் என்று ஸ்டீயரிங்கைக் குத்தினார், கதவைக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ஜீப் பள்ளத்தின் பக்கம் விலகியது. நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

மடியில் அசைவு தெரிந்தது. தாஹிரின் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"ஆரு மாப்ளே ஓட்டறது?"

"பிஜு அண்ணன்டா."

முன்சீட்டிலிருந்து வந்த கத்தலை அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"தம்பிய ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லு" என்றான். பிறகு, "ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வெக்கச் சொல்லு மாப்ளே" என்றான்.

அதை நான் உரக்கச் சொன்னேன். பிஜுவின் கத்தல் நின்றது. அவர் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். கம்பத்தின் விளக்குகள் தெரியும்வரை எடுக்கவில்லை. தாஹிர் அதன் பிறகு பேசவில்லை.